நான் தர மறுத்த சான்று

எங்கள் அக்கவுண்ட்ஸில் வேலை பார்க்கும் தம்பி கேட்டது ஒரே ஒரு வரிதான். "வகுப்புகளுக்கு முழுமையாகச் செல்ல அனுமதிக்கிறோம்" என்று எங்கள் மில்லின் லெட்டர்ஹெட்டில் தட்டச்சு செய்து கொண்டுவந்து நீட்டினான்.

"ஒன்பதிலிருந்து ஆறு வரைக்கும் இங்க இருக்கே. கிளாசுக்கு எப்போப்பா போவே?"

"பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்னு லா காலேஜ்ல சொல்றாங்க சார். மத்ததை அவங்களே பாத்துக்குவாங்க."

காலேஜ் பக்கத்து மாநிலத்தில். இங்கே மூன்று வருஷ எல்.எல்.பி.க்கு நுழைவுத் தேர்வு கிடையாது, டிகிரி மார்க்தான் கணக்கு. இவனுடைய பி.காம். மார்க்குக்குக் கோவை அரசு சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்காது. கிடைத்தாலும் என்ன? வக்கீல் படிப்பை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி வகுப்பு காலை எட்டுக்கும் மாலை ஏழுக்கும் நடுவில்தான் நடக்க வேண்டும், வாரத்துக்கு 30 மணி நேரம், ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை. 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் சுற்றறிக்கை வந்தபிறகு, வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்தின் என்ஓசியும், அதாவது படிக்க ஆட்சேபணை இல்லை என்ற சான்றும், தர வேண்டும். அதற்குத்தான் என்னிடம் வந்தான்.

"உன் வேலை நேரத்தையும் சேர்த்து எழுதித் தர்றேன்" என்றேன். சிரித்துவிட்டான். "அப்புறம் அது எதுக்குங்க சார்? வசதியான வீட்டுப் பசங்கதான் வக்கீல் ஆகணும்னா நேராவே சொல்லிடுங்க."

பொய்க்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். சரியான பதில்தான். வகுப்புக்கே போகாமல் கறுப்புக் கோட்டு மாட்டியவர்களிடம் கேஸைக் கொடுத்துவிட்டு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஓவர்டைம் ரிஜிஸ்டரில் இருப்பதெல்லாம் நிஜமான நேரம் என்று கற்பூரம் அடித்துச் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு குழறும். அதில் மாதாமாதம் என் கையெழுத்து இருக்கிறது.

இவன் படிக்காதவனும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் சட்டப் புத்தகம் விரிந்திருக்கும். சீட்டுப் பணத்தை ஃபீஸுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தான். ஸ்பின்னிங்கில் ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பணிக்கொடை இழுத்துக்கொண்டே போனபோது, அப்போதிருந்த 1972 பணிக்கொடைச் சட்டப்படி 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தாமதமானால் வட்டியும் உண்டு என்று என் ரூமிலேயே நின்று சொன்னான். நாலு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பணம் உடனே போனது.

அன்றைய எரிச்சல்தான் என் நேர்மைக்குள் உட்கார்ந்திருந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பேன். ஆனால் வேறு ஒருவன் கேட்டிருந்தால் ஷிப்ட் மாற்ற முடியுமா, சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று யோசித்திருப்பேனோ? இவனுக்காக அந்த ஐந்து நிமிஷம் நான் செலவழிக்கவில்லை. அப்படியே யோசித்திருந்தாலும், மூன்று வருஷம் பகலில் வகுப்புக்குப் போகிற ஷிப்ட் எங்கள் அக்கவுண்ட்ஸில் கிடையாது. சம்பளம் இல்லாமல் அவன் வீடும் ஓடாது.

எம்.டி.யைப் பார்த்துக் கேள் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அவனும் போகவில்லை. விண்ணப்பத் தேதி முடிந்துபோனது. இப்போது அஞ்சல் வழியில் எம்.காம். சேர்ந்திருக்கிறான். அதற்கு யாரும் என்ஓசி கேட்பதில்லை.