வடக்கு வெயிலும் மேற்கு ஜன்னலும்

சிட்னி என்றதும் ஊரில் இருப்பவர்களுக்கு ஓபரா ஹவுஸும் கடற்கரையும்தான் கண்முன் வரும். இங்கே குடியேறிய நம் ஆட்கள் வீடு வாங்குவது அந்தப் பக்கம் இல்லை. மேற்கே வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் என்று ஆரம்பித்து, விலை ஏற ஏற ஸ்கோஃபீல்ட்ஸ், மார்ஸ்டன் பார்க் என இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறோம். கடலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். பிற்பகலில் கடற்கரையைக் குளிர்விக்கும் காற்று இங்கே வந்து சேர நேரமாகும். பல நாள் வருவதே இல்லை. 2020 ஜனவரி 4 அன்று சிட்னியின் மேற்கு ஓரத்தில் உள்ள பென்ரித்தில் 48.9 டிகிரி பதிவானது. நான் திருச்சிக்காரன். அக்னி நட்சத்திரத்தில் வளர்ந்த உடம்புக்குக்கூட அந்த எண் புதிது.

அந்தக் கோடையில் காட்டுத்தீப் புகை வேறு. ராத்திரி ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லாமல் போன நாட்கள் உண்டு. வீடு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை நான் கவனிக்கத் தொடங்கியது அப்போதுதான்.

இங்கே புது வீடுகளின் வெளிச்சுவரில் தெரியும் செங்கல் ஒரே ஒரு வரிசைதான். அதற்குப் பின்னால் மரச்சட்டம், பஞ்சு போன்ற இன்சுலேஷன், உள்ளே ஜிப்சம் பலகை. நம் ஊர்ப் பழைய வீட்டில் கனமான சுவர் உள்ளே இருந்து மதியம் வரை குளிர்ச்சியைப் பிடித்து வைத்திருக்கும். இங்கே கனமான செங்கல் வெளியே இருப்பதால் வெயிலில் காய்கிறதே தவிர, உள்ளே இருப்பவருக்கு அதனால் பெரிய உதவி இல்லை. மனை சிறியது, அடுத்த வீட்டுக் கூரை கைக்கு எட்டும் தூரம். அதனால் ஜன்னலுக்கு மேல் சன்ஷேட் போல நீள வேண்டிய கூரை விளிம்பைப் பல வீடுகளில் வெட்டிவிட்டார்கள். பெரிய பெரிய கண்ணாடி, மேலே கறுப்புக் கூரை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

அப்புறம் திசை. தென் அரைக்கோளத்தில் நடுப்பகல் சூரியன் வடக்கு வானத்தில் நிற்கும். டிசம்பரில் மதியம் கிட்டத்தட்ட 80 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். ஜூனில் 33 டிகிரிதான். ஆகவே வடக்கு ஜன்னலுக்கு அரை மீட்டர் சன்ஷேட் இருந்தால் கோடை வெயில் கண்ணாடியைத் தொடாது, குளிர்கால வெயில் கூடம் வரை வந்து சூடேற்றும். இந்த ஊர்க்காரர்கள் கூடமும் பின்தோட்டமும் வடக்கு பார்த்த வீட்டுக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பது இதற்காகத்தான். நாம் வாசல் எந்தத் திசை என்று மட்டும் கேட்கிறோம்.

இதில் நம்மவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது தென்மேற்கு மூலை பற்றி. வாஸ்து பார்த்துப் பெரிய படுக்கையறையை அங்கே வைக்கச் சொல்லி பில்டரிடம் கேட்பவர்கள் நிறைய. திருச்சியில் வெயில் காலத்துச் சூரியன் மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி மறைகிறது. அங்கே அந்த அறை பிழைத்துக்கொள்ளும். சிட்னியில் டிசம்பர் மாதம் சூரியன் நேர் மேற்கிலிருந்து கிட்டத்தட்ட 28 டிகிரி தெற்கே போய், ராத்திரி எட்டு மணி சுமாருக்கு மறைகிறது. மதியம் மூன்று மணியிலிருந்து அந்த அறைச் சுவரும் ஜன்னலும் வெயிலை வாங்கிக்கொண்டே இருக்கும். தூங்கப் போகும் நேரத்தில்தான் அந்தச் சூடு முழுதாக உள்ளே இறங்கும். நம்பிக்கையை விடச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் ஜன்னலைச் சின்னதாக வையுங்கள், வெளியே மறைப்பு போடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

மறைப்பு என்றால் உள்ளே போடும் திரை இல்லை. வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் அந்தச் சூடு வீட்டுக்குள் வந்தாயிற்று. திரை அதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வெளியிலேயே நிறுத்த வேண்டும். எங்கள் மேற்குப் பக்கத்தில் சுருட்டி இறக்கும் வெளிப்புறத் திரை போட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் பன்னிங்ஸ் ஹார்டுவேர் கடையில் வாங்கிய நிழல் வலையைக் கட்டி வைத்தே ஓட்டினோம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அதுவே போதும். கோடை வந்ததும் வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போடும் ஊரில் பிறந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மனைவியின் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் அதே வலைதான் நிழல்.

பழைய தெருக்களில் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களின் வீட்டுப் பின்புறத்தைப் பாருங்கள். பந்தலில் திராட்சைக் கொடி ஏறியிருக்கும். கோடையில் இலை அடர்ந்து நிழல், குளிர்காலத்தில் இலை கொட்டி வெயில். நமக்கு முன்னால் வந்து குடியேறியவர்களிடம் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல விஷயம் எனக்குத் தெரியவில்லை. நாங்களும் ஒரு கொடி வைத்திருக்கிறோம்.

பகல் முழுக்க வீட்டை மூடி வைத்து, வெளியே உள்ளேயைவிடக் குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பது இன்னொரு பாதி வேலை. தெற்கிலிருந்து 'சதர்லி பஸ்டர்' என்னும் குளிர்காற்று வரும் நாளில் கொஞ்ச நேரத்தில் பத்து டிகிரிக்கு மேல் இறங்குவதுண்டு; மேற்கே வருவதற்குள் அதன் வேகம் குறைந்துவிடும் என்றாலும் வரவேற்கத்தக்க விருந்தாளி. ஆனால் புது வீடுகளில் மாடிப் படுக்கையறை ஜன்னல் பெரும்பாலும் 12.5 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காது. குழந்தைகள் விழாமல் இருக்க வைத்த விதி, நல்ல விதி. அதே விதியில், தள்ளினாலும் பிய்ந்து வராத உறுதியான ஸ்கிரீன் பொருத்தினால் முழுதாகத் திறக்கலாம் என்றும் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. கட்டும்போதே கேட்டு வாங்கிவிட வேண்டும். சீலிங் ஃபேனும் அப்படியே. வீடு முழுக்கக் குழாய் வழியே குளிர்விக்கும் டக்டட் ஏசி இருக்கிறதே என்று விட்டுவிடுகிறார்கள். ஃபேன் சுற்றினால் ஏசியை 26-ல் வைத்தாலே போதும்.

கூரையில் சோலார் இருந்தால் ஏசியை மதியமே போட்டு வீட்டைக் குளிரவைத்துவிடுங்கள். சாயங்காலம் மின்கட்டணம் உச்சத்தில் இருக்கும்போது குறைவாக ஓடினால் போதும்.

கூரை நிறத்துக்கு வருகிறேன். கறுப்பும் கரும்சாம்பலும் வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சும். வெளிர்நிறக் கூரை அதில் பாதியைக்கூட எடுக்காது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு கறுப்புக் கூரைகளைத் தடுக்க ஒரு விதி கொண்டுவர இருந்தது; 2022-ல் அதைக் கைவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. ஒரு வீட்டுக் கூரை அந்த வீட்டை மட்டும் சுடுவதில்லை, தெருவையே சுடுகிறது. விதி இல்லாவிட்டாலும் பில்டர் ஒப்பந்தத்தில் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போடுவது நாம்தானே.

கடைசியாக ஒன்று. நம் அப்பா அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வருவது பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில்தான், பேரப்பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி. வயதானவர்கள் தாகம் எடுத்தாலும் கேட்கமாட்டார்கள். ஏசி போட்டால் பிள்ளைக்குச் செலவு என்று நாம் வேலைக்குப் போனதும் அணைத்துவிடுவார்கள். அவர்களுக்குக் கீழ்த்தளத்தில், தென்கிழக்கு அறையைக் கொடுங்கள். காலை வெயிலோடு அதன் சூடு முடிந்துவிடும். சோலார் இருந்தால் மொபைலில் சோலார் மின்சாரத்தைக் காட்டும் ஆப்பைத் திறந்து காட்டி, பகலில் இது வெயில் தரும் மின்சாரம் அம்மா, அணைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.