ப்ளஸ் டூ தலைவலியும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைக்குத் தலைவலி என்றால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். தலையில் நீர் கோத்திருக்கிறது என்று மாமியார் சுக்குப் பத்துப் போட்டார். சைனஸாக இருக்கும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. போனைப் பிடுங்கி வை, தானாகச் சரியாகும் என்றார் என் அண்ணன். கண் டாக்டர் பவர் எதுவும் இல்லை என்று அனுப்பிவிட்டார். பள்ளியில், "டெஸ்ட்னா எல்லாருக்கும்தான் தலை வலிக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தப் பேச்சுதான் மகளை ரொம்ப நோகடித்தது. அதற்கப்புறம் வலிக்கிறது என்று சொல்வதையே விட்டுவிட்டாள்.

கடைசியில் திருச்சியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். ஸ்கேன் எழுதுவார் என்று பணத்தோடு போயிருந்தேன். எழுதவில்லை. பிபி பார்த்தார், லைட் அடித்துக் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், முட்டியைத் தட்டினார். அப்புறம் கேள்விகள். வலி ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? படி ஏறினால் கூடுகிறதா? குமட்டுமா? வெளிச்சம் ஆகாதா? பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார். எல்லா மருத்துவரும் இதைச் செய்ய வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் பாதியைத்தான் சொல்வார்கள்.

நெற்றியைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்குவது போல வருவது டென்ஷன் தலைவலி. விண்விண்ணென்று தெறித்து, குமட்டி, இருட்டறையைத் தேட வைப்பது மைக்ரேன். அவளுக்கு இரண்டும் இருந்தன. மன அழுத்தம் இரண்டையுமே கிளப்பிவிடும். கழுத்தும் தோளும் இறுகும், தூக்கம் கெடும், சாப்பாடு தவறும். "மனசு காரணமா இருந்தாலும் வலி நிஜம்தான்டா" என்று மருத்துவர் அவளைப் பார்த்துச் சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மருந்தைவிட எங்களுக்கு அதிகம் உதவியது அவர் எழுதச் சொன்ன நோட்டு. தேதி, வலி தொடங்கிய நேரம், பத்துக்கு எவ்வளவு, முந்தின ராத்திரி தூக்கம், காலையில் என்ன சாப்பிட்டாள், மாத்திரை போட்டாளா, அன்று என்ன நடந்தது. சனிக்கிழமை டெஸ்ட்தான் காரணம் என்று நினைத்திருந்தோம். நோட்டு வேறு சொன்னது. மைக்ரேன் வந்ததெல்லாம் ஞாயிறு: டெஸ்ட் முடிந்து, பத்து மணி வரை தூங்கி, காலைச் சாப்பாட்டை விட்ட நாள். அழுத்தம் சட்டென்று இறங்கும்போதும் மைக்ரேன் வருமாம். டென்ஷன் வலியோ வியாழன் இரவுகளில். வியாழன் மாலைதான் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ரேங்க் லிஸ்ட் வரும்.

மாத்திரைக் கட்டம்தான் என்னைப் பயமுறுத்தியது. பாராசிட்டமாலை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டிருந்தாள், தோழிகளிடம் வாங்கியும். மூன்று மாதத்துக்கு மேல், மாதம் 15 நாளோ அதற்கு அதிகமாகவோ வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் கூடாது, ஆனால் மைக்ரேன் தொடங்கினால் தள்ளிப்போடாமல் உடனே போட வேண்டும் என்றார் மருத்துவர். குறைத்த புதிதில் வலி கூடத்தான் செய்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம்.

மனநல ஆலோசகர் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார்: தோளைக் காது வரை தூக்கி இறுக்கி, மெதுவாக விடுவது. ஸ்கூல் பஸ்ஸிலேயே செய்கிறாள். ராத்திரி பதினொன்றுக்குள் விளக்கை அணைக்கிறோம். ஞாயிறும் வழக்கமான நேரத்துக்கே எழுந்து இட்லி சாப்பிட்டுவிடுவாள். ரேங்க் லிஸ்ட் போடுவதை நிறுத்தச் சொல்லிப் பள்ளியில் கேட்டேன். நிறுத்தவில்லை. சரி என்று நானே அந்தக் குழுவைவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவசியமான தகவல்களை ஒரு தோழியின் அம்மா அனுப்பிவிடுகிறார்.

வலி முழுதாகப் போகவில்லை. ரிவிஷன் சமயத்தில் வரத்தான் செய்கிறது. ஆனால் பள்ளிக்கு லீவு போடும் அளவுக்கு இல்லை.

எங்கள் மருத்துவர் நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே வரச் சொன்ன அறிகுறிகள் இவை: தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விடியற்காலை வாந்தி, இருமினால் கூடும் வலி, பார்வை இரட்டையாகத் தெரிவது, கை கால் பலவீனம், வலிப்பு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இடி விழுந்தது போல் திடீரென வரும் கடும் வலி. மனம்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் 2022-இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி இருக்கிறது. 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.