கோப்பில் வராத இறப்பு

2003இல் தென் மாவட்டம் ஒன்றின் மருத்துவமனையில், இருதயப் பிரிவின் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தேன். பிறவியிலேயே இருதயக் கோளாறுடைய குழந்தைகளின் கோப்புகள் அங்கே மூன்று அலமாரிகளில் இருந்தன: காத்திருப்போர், அறுவை முடிந்தோர், இறந்தோர். மூன்றாம் அலமாரியின் கோப்புகள் மிக மெல்லியவை. ஒரு சீட்டு, ஒரு எக்ஸ்ரே, ஒரு எக்கோ அறிக்கை. முதல் பிறந்தநாளைக் காணாத குழந்தைக்கு அதற்குமேல் தாள் சேர வாய்ப்பில்லை.

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு இருதய அமைப்பில் ஏதேனும் ஒரு குறை இருக்கும். சில ஓட்டைகள் தாமாகவே மூடிக்கொள்ளும். வேறு சில கோளாறுகளிலோ, பிறந்தபின் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு சிறு இரத்தக் குழாயை நம்பியே குழந்தை உயிர் தரித்திருக்கும். பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோய் உறவினர்கள் பார்க்க வந்துகொண்டிருக்கும் நாளில் அந்தக் குழாய் மூடும், பிள்ளை நீலம் பாரிக்கும். அதைத் திறந்தே வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்து 1970களிலேயே வந்துவிட்டது. ஆனால் மருந்து தேவைப்படும் குழந்தையை முதல் சில நாள்களுக்குள் யாராவது கண்டுபிடித்தாக வேண்டும்.

நீலக் குழந்தைகளுக்கான முதல் அறுவை 1944 நவம்பரில் அமெரிக்காவில், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்தது. நுரையீரலுக்குக் கூடுதல் இரத்தம் செல்லக் குழந்தை இருதய மருத்துவர் ஹெலன் டாசிக் கேட்ட வழியை அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளாலாக் செய்து காட்டினார் என்பார்கள். பிளாலாக்கின் பின்னால் முக்காலிமேல் நின்று ஒவ்வொரு தையலுக்கும் வழி சொன்னவர் விவியன் தாமஸ். மருத்துவப் பட்டம் இல்லாத அந்தக் கறுப்பின ஆய்வகப் பணியாளரின் பெயர் நெடுங்காலம் அந்த அறுவையின் பெயரில் சேரவில்லை. மருத்துவர் அல்லாத எனக்கு இந்தச் செய்தியில் தனிப் பிடிப்பு உண்டு.

பால்டிமோரில் தொடங்கிய அந்த வழி எங்கள் மாவட்டத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பரவலாகக் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபிறகு முதல் அலமாரி என் கண்முன்னே காலியாகத் தொடங்கியது. 2013க்குப் பின் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் சென்ற பரிசோதனைக் குழுக்கள், யாரும் அறியாதிருந்த கோளாறுகளைக் கண்டறிந்து அனுப்பின. உலகக் கணக்கும் இதே திசையில்தான் செல்கிறது. 2017இல் பிறவி இருதயக் கோளாறால் இறந்தோர் ஏறத்தாழ 2,61,000 பேர். இது 1990ஐவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆயினும் அவர்களில் சுமார் 1,80,000 பேர் ஒரு வயது நிரம்பாதவர்கள்.

இரண்டாம் அலமாரி நிறைந்தது. அதை நாங்கள் வெற்றி என்றே எண்ணினோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நெடுநாளாக மறுபரிசோதனைக்கு வராதவர்களைத் தொலைபேசியில் அழைக்கும் வேலையைத் தலைமை மருத்துவர் என்னிடம் ஒப்படைத்தார். மூன்றாம் நாள் ஒரு தந்தை பேசினார். அவருடைய மகனுக்கு நான்கு வயதில் ஃபாலோ டெட்ராலஜிக்கு, அதாவது நான்கு குறைகள் சேர்ந்து பிள்ளையை நீலம் பாரிக்கச் செய்யும் கோளாறுக்கு, அறுவை நடந்திருந்தது. "அவன் போய் ரெண்டு வருஷம் ஆச்சுங்க சார். வேலைக்குப் போறப்ப பஸ் ஸ்டாண்டுல விழுந்துட்டான். ஆபரேஷன் பண்ணப்ப எல்லாம் சரியாயிடுச்சுன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை.

சரியாகிவிட்டது என்று நாங்கள் சொன்னது உண்மைதான், அதுவும் எல்லோரிடமும். அந்த அறுவையில் நுரையீரலுக்குச் செல்லும் குறுகிய வழியை அகலப்படுத்தும்போது பல நேரங்களில் அங்குள்ள வால்வு பயனற்றுப் போகிறது. இரத்தம் ஆண்டுக்கணக்கில் பின்னோக்கிக் கசிந்து, வலது கீழறை விரிந்து, ஒருநாள் துடிப்பின் தாளம் குலைகிறது. உரிய காலத்தில் எக்கோ எடுத்துப் பார்த்தால் புதிய வால்வு பொருத்த வழியுண்டு. அந்தப் பையனின் கோப்பில் அறுவைக்குப் பிந்தைய தாள்கள் இரண்டே இருந்தன. திருமணப் பேச்சு வந்ததும் மார்புத் தழும்பை மறைத்து, மருத்துவமனைப் பக்கமே வராமல் போன பெண்களின் கோப்புகளும் அப்படித்தான் நின்றுபோயிருந்தன.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1987 முதல் 2005 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பிறவி இருதயக் கோளாறு உடையோரின் இறப்பு விகிதம் ஏறத்தாழ 31 விழுக்காடு குறைந்ததையும், இறப்பு குழந்தைப் பருவத்திலிருந்து முதுமையை நோக்கி நகர்ந்ததையும் கண்டார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் அரசு மருத்துவக் காப்பீட்டு எண் உண்டு. எந்த ஊரில் சிகிச்சை பெற்றாலும், எந்த வயதில் இறந்தாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம். என்னிடம் இருந்தது பழைய கைப்பேசி எண்தான். அந்தப் பையன் இறந்து இரண்டாண்டுகள் எங்கள் கணக்கில் உயிரோடு இருந்தான். எங்கள் ஆண்டறிக்கை காட்டிய உயிர்பிழைப்பு விகிதத்தை அன்றிலிருந்து நான் முழுமையாக நம்புவதில்லை.

அவனுடைய கோப்பை மூன்றாம் அலமாரிக்கு மாற்றினேன். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் என்ன எழுதுவது என்று மருத்துவரைக் கேட்டபோது, "வீட்டார் சொன்னதை எழுதுங்கள்" என்றார். நான் அழைத்த எண்களில் பாதிக்கும் மேற்பட்டவை உபயோகத்தில் இல்லை. அவற்றுக்குரிய கோப்புகள் இன்னும் இரண்டாம் அலமாரியிலேயே இருக்கின்றன.