சோறு எங்கிருந்து வருகிறது: ஒரு வாசிப்பு நாட்குறிப்பு

ஜனவரி 3, 2025, வெள்ளி

இந்த வருடம் வாசிக்க நினைக்கிற புத்தகங்களை எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டியாயிற்று. போன வருடம் 20 பெயர் எழுதினேன், முடித்தது 7, அதிலும் மூன்று அந்தப் பட்டியலிலேயே இல்லாதவை. அதனால் இந்த முறை ஆசையை அடக்கி எட்டோடு நிறுத்திவிட்டேன். முதலில் ஆண்டி வியரின் ‘த மார்ஷன்’. அப்புறம் உர்சுலா லெ குவின் இரண்டு, ஆர்தர் சி. கிளார்க் ஒன்று, ஒக்டேவியா பட்லர் ஒன்று, நம் நாட்டு வஜ்ர சந்திரசேகர எழுதி, அறிபுனைக் கதைகளுக்கான நெபியூலா விருது வாங்கிய ‘த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்’. மிச்சம் இரண்டு இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன், எப்படியும் இடையில் ஏதாவது வந்து புகும்.

விண்கலக் கதையோ மந்திரவாதிக் கதையோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான். எதை எடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்பேன்: இந்த உலகத்தில் சோறு எங்கிருந்து வருகிறது? மாளிகை இருக்கும், பெரும்படை இருக்கும், பறக்கிற நாகம் இருக்கும், ஒரு வயலோ ஒரு அடுப்போ கண்ணில் படாது. பகல் முழுக்க வரவு செலவு எழுதுகிறவளுக்கு அது உறுத்தாமல் என்ன செய்யும்.

ஜனவரி 15, புதன்

பொங்கலுக்கு மறுநாள். விடிய ஐந்தரைக்கு ஐயாவோடு உரும்பிராய்த் தோட்டத்துக்குப் போனேன். கிழங்குச் செடி நன்றாக வந்திருக்கிறது, ஆனால் இந்தப் பனிக்குக் கருகல் வந்துவிடும் என்ற பயத்தில் ஐயா வரிசை வரிசையாகக் குனிந்து இலையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்துக்கொண்டு போவார். நான் பின்னால் ரோர்ச் பிடித்தபடி ‘த மார்ஷன்’ கதை சொல்லிக்கொண்டு போனேன். செவ்வாயில் தனியே விடுபட்ட ஒருவன், உருளைக்கிழங்கு நட்டு உயிர் பிழைக்கப் பார்க்கிறான்.

“விதைக்கிழங்கு எங்கால?” என்றார் ஐயா, நிமிராமலே.

“ஒரு பெருநாளுக்குச் சமைக்கவெண்டு பச்சைக் கிழங்கு குடுத்து விட்டவங்கள்.”

“கண் பாத்து வெட்டினவனோ?”

“ஓம். ஒரு துண்டில ரெண்டு கண்ணாவது இருக்கிறமாதிரி.”

“எரு?”

கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன். சொன்னதும் ஐயா நிமிர்ந்து நின்று சிரித்த சிரிப்புக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். தண்ணீருக்கு ரொக்கெட் எரிபொருளான ஹைட்ரசீனைப் பிரித்து எடுத்தான் என்று சொன்னபோது, கிணறு வெட்டுறது சுகம் பிள்ளை என்று விட்டுவிட்டார். ஆனால் அவன் தங்கின கூடாரத்தின் வாசல் வெடித்து, உள்ளே இருந்த பயிர் முழுக்க ஒரே அடியில் உறைந்து செத்த இடம் வந்ததும் அவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. “எத்தினை நாள் பயிர்?” என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

செருப்பில் ஒட்டின மண்ணைக் கழுவும்போது நினைத்தேன், செவ்வாய் சிவப்பும் எங்கள் செம்மண் சிவப்பும் இரும்புத் துருவால் வந்தவைதான். ஆனால் அங்கே பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு இருக்கிறதென்று 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டுபிடித்தது, நாவல்காரர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இதை ஐயாவிடம் சொல்லவில்லை. கதை அவருக்குப் பிடித்துவிட்டது.

ஜனவரி 26, ஞாயிறு

லெ குவினின் ‘எ விசார்ட் ஒஃப் எர்த்சீ’, 1968இல் வந்தது, எனக்கு மூன்றாவது தடவை. மந்திரவாதிகள் படகில் போகும்போது எதற்குச் சாப்பாட்டு மூட்டை கட்ட வேண்டும், மந்திரம் சொல்லி இறைச்சிப் பணிஸ் வரவழைக்கலாமே என்று ஒரு சின்னப் பெண் கேட்கிறாள். வரவழைக்கலாம், மணக்கும், ருசிக்கும், வயிறு நிறைந்த மாதிரியும் இருக்கும், ஆனால் அது சொல்தான், பசித்தவனுக்குப் பெலன் தராது என்று அண்ணன்காரன் சொல்கிறான். இந்த ஒரு இடத்துக்காகவே நான் இந்தப் புத்தகத்தை எத்தனை தடவையும் வாசிப்பேன்.

மருமகனிடம் இதைச் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவன் ஓ.எல். சோதனைக்குப் படிக்கிறான், ஹாரி பொட்டர் ஏழும் கரைத்துக் குடித்தவன். “மாமி, அதிலயும் சாப்பாட்டை ஒண்டுமில்லாததில இருந்து உண்டாக்கேலாது. கடைசிப் புத்தகத்தில கூடாரத்தில பட்டினி கிடக்கினம், நீங்கள் வாசிக்கேல்லையோ?” சரி, பள்ளிக்கூடத்து மேசையில் தானாக வந்து நிறைகிற விருந்து? “அது கீழ குசினியில குட்டிப் பூதங்கள் சமைச்சு அனுப்புறது. நாலாம் புத்தகம்.” ஒப்புக்கொண்டேன். அந்தப் பூதங்களுக்குச் சம்பளம் உண்டோ என்று கேட்டேன், அதற்குப் பதில் சொல்லாமல் போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

கிளார்க் 1956இலிருந்து இந்தத் தீவில் வாழ்ந்தவர், 2008இல் கொழும்பில்தான் இறந்தார். அப்படியிருந்தும் அவருடைய ‘த ஃபவுன்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலை இத்தனை காலம் தொடாமலே இருந்திருக்கிறேன், வெட்கம்தான். 1979இல் வந்தது, ஹியூகோ, நெபியூலா இரண்டையும் வாங்கியது. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுழல்கிற வேகத்திலேயே சுற்றுகிற இடத்திலிருந்து ஒரு கேபிளை இறக்கி, அதில் விண்வெளிக்கு லிஃப்ட் விடுகிறார்கள். கீழ்முனையை நட அவர் தேர்ந்த மலை எங்கள் சிவனொளிபாதமலைதான், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். ஆனால் இலங்கை பூமத்திய ரேகையில் இல்லையே. அதற்கு மனிதர் என்ன செய்தார் என்றால், தீவை அப்படியே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளிவிட்டார், மலையின் உயரத்தையும் இரட்டிப்பாக்கிவிட்டார். இதெல்லாம் சின்ன மாற்றம் என்று பின்னுரையில் எழுதவும் செய்கிறார்.

வாசிப்பை நிறுத்திவிட்டு வரைபடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்கு சரிதான், மலை கிட்டத்தட்ட ரேகையிலேயே போய் நிற்கிறது. ஆனால் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 30 கிலோமீற்றர் அளவில் இருக்கிற கடல் 830 ஆகிவிடுகிறதே! இராமர் பாலத்தை என்ன செய்தார், வள்ளத்தில் போய்ச் சாமான் ஏற்றி வந்த எங்கள் ஆட்களின் பிழைப்பு என்ன ஆயிற்று, ஒன்றுக்கும் பதில் இல்லை. கதையின் கடைசிப் பகுதியில் கோபுரத்தில் மாட்டிக்கொண்டவர்களைத் தேடிப் பொறியியலாளர் தனியே மேலே ஏறுகிறார், அந்தப் பக்கங்களை ஒரே மூச்சில் வாசித்தேன். அங்கே அவசரம் மூச்சுக்காற்று, சோறு இல்லை. சோதனையில் அரை மார்க்.

மார்ச் 2, ஞாயிறு

வருடக் கணக்கு முடிக்கிற காலம். ஒரு பக்கமும் வாசிக்கவில்லை.

மார்ச் 22, சனி

பட்லரின் ‘பேரபிள் ஒஃப் த சோவர்’. 1993இல் வந்த நாவல், முழுக்க நாட்குறிப்பாகவே எழுதப்பட்டது, முதல் குறிப்பின் தேதி 2024 ஜூலை 20. அதாவது போன ஆடி. எதிர்காலக் கதை ஒன்று நமக்குப் பின்னால் போய்விட்டதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது.

மதில் கட்டின தெருவுக்குள் வாழ்கிற ஒரு பெண், மதில் ஒரு நாள் விழும் என்று தெரிந்து, ஓடுவதற்கு ஒரு பை கட்டி வைக்கிறாள். நட்டால் முளைக்கிற விதைகளும் அதற்குள் இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அந்தப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அடையாள அட்டைகள், காணி உறுதி, பிறப்புப் பத்திரம், அம்மாவின் இரண்டு காப்பு, ஒரு போத்தல் சீனி. 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்த சனத்துக்குள் அந்தப் பை என் தோளில்தான் இருந்தது, எனக்குப் பன்னிரண்டு வயது. ஐயா வேறாக ஒரு துணிப் பொட்டலம் மடியில் கட்டியிருந்தார், தென்மராட்சியில் அவிழ்த்தபோதுதான் தெரியும், மிளகாய் விதையும் கத்தரி விதையும். அம்மா அந்த இடத்தில் அழுதுகொண்டே திட்டினா.

பட்லருக்கு முழு மார்க்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சொன்னேனே, இடையில் புகும் என்று. பரண் ஒழிக்கப் போய் அண்ணனின் பழைய ‘இரும்புக்கை மாயாவி’ இரண்டு கிடைத்தது, அட்டை போய், நடுவில் எலி கடித்து. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே இந்த மாயாவியோடுதான். கையை மின்சாரத்தில் வைத்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். நாங்கள் இதை வாசித்தது ஜாம் போத்தல் விளக்கில், மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக எண்ணி. யாழ்ப்பாணத்தில் அப்போது வருடக்கணக்காகக் கரண்ட் இல்லை. மாயாவி இங்கே வந்தால் பாவம், மறையவே ஏலாது, சைக்கிள் டைனமோவை யாராவது மிதித்துக் கொடுக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லுவான். ரேடியோவில் செய்தி கேட்கவே அப்படித்தான் மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தோம்.

மே 4, ஞாயிறு

இரண்டாவது வெற்று இடமும் நிரம்பிவிட்டது, அதுவும் மணிமேகலையால். பள்ளிக்கூடத்தில் ஒரு வரியைப் பாடமாக்கி மார்க் வாங்கினதோடு சரி, முப்பது காதையையும் உரையோடு உட்கார்ந்து வாசித்தது இப்போதுதான். இது எப்படிப்பட்ட மந்திரக் கதை என்று ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை?

உறங்குகிற பெண்ணைத் தெய்வம் தூக்கிவந்து ஒரு தீவில் வைக்கிறது. மூன்று மந்திரம் சொல்லிக் கொடுக்கிறது: வேறு உருவம் எடுக்க, வானத்தில் பறக்க, பசியைத் தீர்க்க. அதற்குப் பிறகுதான் அமுதசுரபி கையில் வருகிறது. அதாவது தனக்கு இனிப் பசி ஒரு பிரச்சினையே இல்லை என்று ஆன ஒருத்தியிடம்தான் சாத்தனார் அந்தப் பாத்திரத்தைக் கொடுக்கிறார். பனம்பழம் அளவான நாவற்பழத்தை மிதித்த குற்றத்துக்குப் பன்னிரண்டு வருடம் யானைத்தீ என்ற பசியில் கிடக்கிற காயசண்டிகைதான் அதில் முதலில் வயிறு ஆறுகிறாள்.

ஆனால் என்னை உலுக்கினது ஆபுத்திரன் கதை. பாத்திரம் முன்பு அவனிடம் இருந்தது. இந்திரன் அவனோடு கோபம் கொண்டு செய்ததைப் பாருங்கள், சாபம் போடவில்லை, பாத்திரத்தைப் பறிக்கவில்லை, மழையைப் பெய்வித்தான். நாடு முழுக்க விளைந்து தள்ள, அவனிடம் சோறு கேட்க ஆளில்லாமல் போயிற்று. பசித்தவர்களைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பல் ஏறுகிறான், வழியில் மணிபல்லவத்தில் இறங்க, கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. இத்தனை உயிரைக் காப்பாற்றுகிற பாத்திரத்தை என் ஒருவனுக்காக வைத்திருக்க மாட்டேன் என்று கோமுகிப் பொய்கையில் அதை எறிந்துவிட்டு, உண்ணாமல் கிடந்து சாகிறான். மறுபிறப்பில் அரசனாகி அங்கேயே வந்து, மணலைத் தோண்டித் தன் பழைய எலும்பைத் தானே பார்க்கிறான். இந்தக் காட்சியை எழுத இன்றைக்கு எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

மே 12, திங்கள், வெசாக்

பொய்கையில் பாத்திரம் வருடத்தில் ஒரு நாள் மேலே வருமாம், வைகாசிப் பூரணையில். மணிபல்லவம் நயினாதீவுதான் என்று நாங்கள் எல்லோரும் சொல்லுவோம், வேறு தீவைக் காட்டுகிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் மருமகனை இழுத்துக்கொண்டு குறிகட்டுவானில் போய் வரிசையில் நின்றேன். விகாரைக்குப் போகிற சனமும் அம்மன் கோயிலுக்குப் போகிற சனமும் ஒன்றாக நெருக்கி நின்றது. படகின் அடித்தட்டில் டீசல் மணம், வியர்வை, யாரோ மடியில் வைத்திருந்த தாமரைப்பூ.

அம்மனைக் கும்பிட்டுவிட்டு அன்னதான மண்டபத்தில் போய் உட்கார்ந்தோம், அந்த மண்டபத்துக்கே அமுதசுரபி என்றுதான் பெயர். சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி. வாளியோடு வந்தவரிடம் மருமகன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டான், “அண்ணை, இந்த அரிசி எங்க இருந்து வாறது?”

“வன்னியில இருந்து ஒராள் பத்து மூடை அனுப்பினவர் தம்பி, பேத்திக்குச் சுகமானதுக்கு. பூசணி ஊர்க்காவற்றுறையால.” அகப்பையால் அவன் இலையில் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

திரும்பி வரும்போது நின்றுகொண்டேதான் வந்தோம். சந்திரசேகர இன்னும் முப்பதாம் பக்கத்தில் கிடக்கிறார், பையில் கொண்டுபோய்க் கொண்டுபோய் மூலை மடிந்ததுதான் மிச்சம். ஆனி பிறக்கட்டும்.