நான்கு செடிகளும் ஒரு வதிவிட அட்டையும்

கனடாவிலிருந்து வன்னிக்குப் போகிறவரிடம் இரண்டு கேள்விகள் தப்பாமல் வரும். குளிர் எப்படி? கஞ்சாவைக் கடையில் வைத்து விற்கிறார்களாமே? முதல் கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. இம்முறை விசுவமடுவில் இரண்டாவதற்கு ஆறுதலாக இருந்து பதில் சொன்னேன். கேட்டவன் சித்தப்பாவின் பேரன். ஒன்ராறியோவுக்குப் படிக்க வரப்போகிறான்.

வன்னியில் கஞ்சா என்றால் கடல்வழி வரும் கேரளக் கஞ்சாப் பொதிகளும் கடற்படையும் பொலிஸும்தான். பரியாரிமார் அதை மருந்தில் சேர்த்த கதை சித்தப்பாவுக்குத் தெரியும். வேலியோரம் ஒரு செடி நட்டாலும் குற்றம் என்பது பேரனுக்கும் தெரியும். அதனால்தான் கனடாவில் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள் என்று நம்புகிறான்.

2018 ஒக்டோபர் 17 முதல் அங்கே அது சட்டபூர்வம், உண்மைதான். ஒன்ராறியோவில் 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். வெளியே போகும்போது 30 கிராம் உலர்ந்த கஞ்சா வரை வைத்திருக்கலாம். வீட்டில் நான்கு செடி வளர்க்கலாம். ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கே நான்கு. ஆறு பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்தாலும் கணக்கு மாறாது. வாடகை ஒப்பந்தத்தில் அந்த நான்கும் வேண்டாம் என்று வீட்டுக்காரர் எழுதிவிடவும் முடியும்.

கள்ள வளர்ப்பின் அடையாளங்களை நான் வீடு தேடிய காலத்தில் கண்டேன். பார்த்தவுடன் பிடித்துப்போன வீடு அது. நிலவறைச் சுவருக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருந்தது. பரிசோதகர் விளக்கைப் பிடித்துக் காட்டினார்: கூரை மூலையில் கறுத்த பூஞ்சணம், வெப்பக் காற்றை வெளியேற்றிய குழாய்களுக்காக வெட்டி அடைத்த வட்டத் துளைகள், மின்மானிக்கு முன்னாலேயே கம்பியை இழுத்த தடம். கட்டணம் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் அந்தக் கம்பி வேலை. வீட்டை வாங்கவில்லை.

சட்டம் வந்தும் இந்தத் தொழில் ஒழியவில்லை. மருத்துவத் தேவைக்கென்று பதிந்துகொண்டு, ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கில் வளர்த்துக் களவாக விற்றவர்களைப் பொலிஸ் பிடித்திருக்கிறது. சட்ட வரம்பை மீறி வளர்த்தால் 14 ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம்.

எங்கள் ஆட்கள் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றத்தைக் குடிவரவுச் சட்டம் பாரதூரமான குற்றமாகக் கொள்கிறது. நீதிமன்றம் அபராதத்தோடு விட்டாலும், நிரந்தர வதிவிட அட்டை வைத்திருப்பவர் நாடுகடத்தப்படும் நிலைக்கு வரலாம். போதையில் வாகனம் ஓட்டுவதும் 2018 டிசெம்பர் முதல் இந்த வகைக்குள் வந்துவிட்டது. மாணவர் விசாவில் இருப்பவருக்கு இதைவிடச் சிறிய குற்றமே போதும். ஒரே தவறுக்குக் குடியுரிமை உள்ள அயலவர் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்; இவர் வழக்கறிஞரைத் தேடி அலைவார். நியாயமா என்றால் இல்லை என்றே சொல்வேன். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

பேரன் கஞ்சா குடிக்கவே மாட்டேன் என்றான். குடிக்கிறவனின் காரை ஓட்டுவாயா என்று கேட்டேன். புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஒன்ராறியோ கொடுக்கும் ஜி2 உரிமத்தோடு ஓட்டுபவரின் உடலில் கஞ்சா சிறிதளவும் இருக்கக் கூடாது. வண்டியில் கொண்டுபோவதென்றால் திறக்காத பொதியாகவோ, கை எட்டாதபடி மூடிய பையிலோ இருக்க வேண்டும். ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு துளியும் இருக்கக் கூடாது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது கனடாவிலும் குற்றம். சித்தப்பா இதையெல்லாம் கொப்பியில் எழுதச் சொன்னார். அவன் தொலைபேசியில் பதிந்துகொண்டான்.