மாத்திரைக்கு முன்னால் ரத்தம்: அப்பாவின் புது இதயமும் என் கணக்கு நோட்டும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பார்க்க மளிகைக் கணக்கு மாதிரிதான் இருக்கும், பிரித்தால் டாக்ரோலிமஸ் (புது இதயத்தை உடம்பு தாக்காமல் அடக்கி வைக்கும் மருந்து), கிரியாட்டினின் (கிட்னியின் நிலையைக் காட்டுவது), என்டி-ப்ரோபிஎன்பி (இதயம் படும் சிரமத்தைக் காட்டுவது). அப்பாவுக்கு மாற்று இதயம் வைத்து ஒன்றேகால் வருஷம் ஆகிறது. தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பெயர் பதிந்து காத்திருந்த கதையை இங்கே விட்டுவிடுகிறேன், அது எல்லார் வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு இந்த ரத்த ரிப்போர்ட்டுகளோடு நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுத வந்தேன்.

முதலில் ஒன்று. புது இதயத்தைப் பொருத்தும்போது ரத்தக்குழாய்களைத் தைக்கலாம், நரம்பைத் தைக்க முடியாது. அதனால் அப்பா சும்மா உட்கார்ந்திருந்தாலே நாடி தொண்ணூறுக்கு மேல் ஓடும், இதயத்தில் கோளாறு வந்தாலும் நெஞ்சு வலி என்று பெரும்பாலும் தெரியாது. உடம்பு அந்த இதயத்தை வேற்று ஆளாகப் பார்த்துத் தாக்க ஆரம்பித்தாலும் ஆள் பாட்டுக்கு காசிமேடு வரை நடந்து போய் மீன் வாங்கி வருவார். "எனக்கு இன்னா, நல்லாத்தானே கீறேன்" என்பதுதான் அவர் பதில். அதற்காகத்தான் பயாப்சி. கழுத்து ரத்தக்குழாய் வழியாக கம்பி விட்டு இதயச் சதையில் நாலைந்து துணுக்கு கிள்ளி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். 0ஆர் என்றால் ஒன்றுமில்லை, 3ஆர் என்றால் கடுமை. முதல் மாதம் வாரத்துக்கு ஒன்று. அப்பாவுக்கு ஊசிகூட பயமில்லை, ஆனால் அந்த மேஜையில் முகத்தை மூடிவிட்டு கழுத்தில் கை வைப்பது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

பயாப்சிகளுக்கு நடுவில் ரத்தப் பரிசோதனை. இங்கேதான் நாங்கள் முதல் தப்பு செய்தோம். டாக்ரோலிமஸ் அளவு பார்க்க, முந்தின இரவு மாத்திரை போட்டு பன்னிரண்டு மணி நேரம் ஆனதும், காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும். அப்பா பொறுப்பான மனிதர், அலாரம் அடித்ததும் மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் லேபுக்கே கிளம்பினார். ரிப்போர்ட்டில் 24. டோஸைக் குறைக்கப் போனார்கள், நல்லவேளை நர்ஸ் சிஸ்டர் "எப்போ மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டார். மறுநாள் ஒழுங்காக எடுத்தபோது 11.

இரண்டாவது தப்பு பெரிது. மூன்றாவது மாதம், மழை, மருத்துவமனை வரை போக வேண்டாமே என்று வீட்டுப் பக்கத்திலேயே ஒரு லேபில் கொடுத்தோம். இதயத்தின் சிரமத்தைக் காட்டும் எண் போன தடவை 1,900 இருந்தது, இப்போது 310! அம்மா கேசரி கிளறிவிட்டார். நான் நோட்டில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். இரண்டு நாள் கழித்து டாக்டர் மேடம் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "இது வேற டெஸ்ட் ஆச்சே?" அவர்கள் பார்த்தது பிஎன்பி, எங்களுக்கு வழக்கமாகப் பார்ப்பது என்டி-ப்ரோபிஎன்பி. இதயச் சதை அழுத்தம் தாங்காமல் விரியும்போது ஒரு புரதத்தை விடுகிறது, அது இரண்டாக உடைகிறது, ஒரு துண்டு இது, மறு துண்டு அது. ஒரே இடத்திலிருந்து வந்தாலும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. அன்றே மருத்துவமனையில் திரும்ப எடுத்ததில் 2,800. பயாப்சியில் 2ஆர். மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி ஏற்றினார்கள், அடுத்த பயாப்சி சுத்தமாக வந்தது. அந்த இரண்டு நாள் கேசரியை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்கும்.

சரி, எண் ஏறினாலே உடம்பு இதயத்தை விரட்டுகிறது என்று அர்த்தம் போல என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் இல்லை. எட்டாவது மாதம் மணலி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததில் இருமல், தெருமுனை டாக்டர் கிளாரித்ரோமைசின் எழுதினார். அந்த மருந்து டாக்ரோலிமஸை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் பிடித்து வைக்கும். அளவு எகிறியது, அது கிட்னியை அழுத்தியது, கிரியாட்டினின் 1.2லிருந்து 1.9. கிட்னி சுணங்கினால் என்டி-ப்ரோபிஎன்பியும் ரத்தத்தில் தேங்கும், அதனால் அதுவும் ஏறியது. பயாப்சியில் ஒன்றுமே இல்லை. இப்போது இருமல் மருந்துகூட மருத்துவமனைக்கு போன் செய்து கேட்டுத்தான். பம்பளிமாஸ் பழத்துக்கும் இதே காரணத்தால் தடை, அதில் அப்பாவுக்குத்தான் ஏக வருத்தம்.

பயாப்சிக்குப் பதிலாக ரத்தமே போதாதா என்று மேடத்திடம் கேட்டேன். தானம் கொடுத்தவரின் இதயச் செல்கள் அடிபட்டால் அவருடைய டிஎன்ஏ துணுக்குகள் அப்பாவின் ரத்தத்தில் கூடுதலாக மிதக்குமாம், அதன் சதவீதத்தை அளக்கும் பரிசோதனை உண்டு. குறைவாக இருந்தால் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம், கூடினால் ஏன் என்று பார்க்க எப்படியும் பயாப்சிக்குத்தான் போக வேண்டும் என்றார். செலவைக் கேட்டுவிட்டு நாங்கள் அதைச் செய்யவில்லை. "இந்த நம்பரை எல்லாம் வச்சு அப்பா எத்தனை வருஷம்னு சொல்ல முடியுமா மேடம்?" என்றும் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாதுதான். அவர் நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "அடுத்த மாசம் என்ன செய்யணும்னு சொல்லுவேன்" என்றார்.

அப்புறம் நோட்டில் இரண்டு கட்டம் கூட்டினேன்: எந்த லேப், கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு. வியாழக்கிழமை அடுத்த ரத்தம். காலை ஏழரைக்கு, மாத்திரை அப்பாவின் சட்டைப்பையில், தண்ணீர் பாட்டில் என் கையில். ஊசி எடுக்கும் பெண் இப்போதெல்லாம் கையைக் கட்டுவதற்கு முன்பே "ஐயா, போட்டுட்டீங்களா?" என்று கேட்கிறாள். அப்பா சட்டைப்பையைத் தட்டிக் காட்டுகிறார்.