நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன்

பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் தைப்பூசத்துக்குப் போடும் எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு 14 வருடம் நான்தான் பொறுப்பு. 2017ல் தங்க ரதமும் வந்து, வெள்ளி ரதம், தங்க ரதம் என்று இரண்டும் போக ஆரம்பித்தபோது எந்த நேரத்துக்கு எத்தனை அண்டா மோர் என்று கணக்குப் போட்டதும் நான்தான். பெர்மிட் யாரிடம் கேட்பது, அரிசி யார் தருவார், சீனி யார் தருவார், ஐஸ்காரர் எண் என்ன, எல்லாம் என்னிடம் இருந்த ஒரு நோட்டுப் புத்தகத்தில்.

சேவைதான் செய்தேன். ஆனால் அந்த நோட்டை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது சேவை இல்லை, அது இப்போதுதான் புரிகிறது.

இரண்டு வருடத்துக்கு முன், தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். பெர்மிட் பைல் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, என் மனைவிக்கும் தெரியாது, பையன்கள் என் அலமாரியைக் கிளறித் தேடியிருக்கிறார்கள். பந்தல் கணக்கு பார்க்கும் தங்கச்சி கட்டில் பக்கத்தில் நின்று, "அண்ணே, நீங்க இல்லாட்டி பந்தலே இல்லைங்கிற மாதிரி வச்சிட்டீங்களே" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, அழாத குறையாகச் சொன்னாள். அதுதான் வலித்தது.

நம் பினாங்கு மாநிலத்தில் முதலமைச்சரே இரண்டு தவணைக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2018ல் சட்டத்திருத்தம் கொண்டு வந்தார்கள். நான் அதை வரவேற்றுக் காப்பிக்கடையில் மணிக்கணக்காகப் பேசியவன், அப்போதே எனக்குப் பந்தலில் எத்தனை வருடம் ஆகியிருந்தது என்று எண்ணிப் பார்க்கவே இல்லை.

உடம்பு தேறியதும் நோட்டை அந்தத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு அரிசி, சீனி தருகிறவர்கள் வீடு வீடாகப் போய், "இனிமே இவங்ககிட்டப் பேசுங்க" என்று சொன்னேன். சிலர் முகம் சுருங்கியது, எனக்கும் தொண்டை அடைத்தது. அப்புறம் முதல் கூட்டத்திலேயே பிளாஸ்டிக் குவளை வேண்டாம், பாட்டில் கொண்டு வருகிறவர்களுக்கு நிரப்பிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். தைப்பூச நெரிசலில் வரிசை நகராது என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வரிசை நகர்ந்தது.

இந்தத் தைப்பூசத்தில், மலை மேல் 513 படி ஏறி இறங்கி வந்தவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு ஐஸ் வரவில்லையே என்று பதறி, பழக்கத்தில் ஐஸ்காரரைக் கூப்பிட்டேன். லாரி ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறதாம், அந்தப் பெண் நேற்றே இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாளாம்.

சரி என்று போனை வைத்துவிட்டு அடுத்த அண்டாவைத் திறந்தேன்.